உப்பங்கழியில் பின் இருக்கை

மரக்காணம் உப்பங்கழியில் நாங்கள் கயாக் படகு ஓட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில்கூட என் கணவரின் முகத்தை நான் தண்ணீர்மேல் பார்த்ததில்லை. இரண்டு பேர் உட்காரும் படகில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும். படகைத் திருப்புவதும் அவர்தான். நான் முன்னால் இருப்பேன். அதனால் தண்ணீர்மேல் அவர் எனக்கு வெறும் சத்தம்தான். துடுப்பு நீரை அறுக்கும், நுனியிலிருந்து சொட்டும், தூண்டிலின் ரீல் கிறுகிறுவென்று சுற்றும். பேச வாயெடுக்கும் முன் ஒருமுறை தொண்டையைச் செருமுவார்.

அவர் போர்வெல் மோட்டார் மெக்கானிக். புதுச்சேரிப் பக்கம் மூடப்போன ஒரு விடுதிக்கு மோட்டாரைக் கழற்றப் போனவர், மஞ்சள் நிறத்தில் இந்தக் கயாக்கை வேன் மேல் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

"இத வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றேன்.

"நான் மீன் புடிக்கிறேன். நீ பறவை பாரு. வாரம் பூரா கண்ணாடிக்குள்ளயே பாத்துக்கினு கெடக்கற."

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து கழுத்து வளைந்துபோன எனக்கு, தூரத்தில் ஒரு பூநாரைக் கூட்டம் சேற்றில் தலைகீழாக அலகை வைத்து மேய்வதைப் பார்க்க நிமிர வேண்டியிருந்தது. அந்த நிமிர்வு பிடித்துப்போனது. கழுவெளி ஏரியின் தண்ணீர் கடலுக்குப் போகும் வழி அந்த உப்பங்கழி. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியே இழுக்கும். காற்றடித்தாலும் அலை எழாது. ஏற்றத்தோடு உள்ளே போய் வற்றத்தோடு திரும்பி வருவோம்.

மாசி மாதத்தில் ஒரு பகல் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சோடா குடித்துக்கொண்டு நின்ற என் கணவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது. அவர் சாவுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேல்மலையனூரில் இருக்கும் அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கனவில் தம்பி நனைந்து வந்து நிற்கிறான் என்று சொல்ல ஆரம்பித்தார்.

மழைக்காலம் முடிந்ததும் நான் தனியாகப் படகை எடுத்தேன். தனியாக ஓட்டுகிறவர் பின் இருக்கையில் உட்கார்ந்தால்தான் படகு சொன்னபடி கேட்கும். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எடைக்காகத் தண்ணீர் நிரப்பிய கேனைப் பின்னால் கட்டிவிட்டு முன்னாலேயே உட்கார்ந்தேன். முதல் வளைவு தாண்டியதும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு செம்பருந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சொட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. கேன் ஒழுகுகிறது என்று நினைத்தேன். கரைக்கு வந்து பார்த்தபோது கேன் நிரம்பியபடி இருந்தது. பின் இருக்கை காய்ந்திருந்தது. அதன்பின் போன ஒவ்வொரு வாரமும் அந்த வளைவில் அது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. திரும்பினால் அங்கே கேன்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தை அமாவாசை முடிந்த மறுநாள் அண்ணி பஸ் ஏறி வந்தார். அமாவாசையன்று கோயில் கூட்டத்தை விட்டு அவரால் நகர முடியாது, கோயில் தெருவில் தேங்காய், பழக் கடை வைத்திருக்கிறார். வந்தவர் பையைக்கூட இறக்கவில்லை.

"அவன் படகுல போன எடத்துக்கு என்னக் கூட்டிக்கினு போ."

"அண்ணி, உங்களுக்குத் தண்ணின்னா ஆவாதே."

"ஆவாதுதான். நெதம் சொட்டச் சொட்ட வந்து நிக்கிறானே, அது மட்டும் ஆவுதா?"

எனக்குக் கேட்கும் சத்தத்தைப் பற்றி அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏற்றம் தொடங்கும்போது போனோம். லைஃப் ஜாக்கெட்டைப் புடவைக்கு மேல் கட்டிவிட்டேன். கேனை எடுத்துவிட்டு அண்ணியைப் பின்னால் உட்கார வைத்தேன். படகின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். உப்பளத்தைத் தாண்டியதும் அந்தப் பேச்சும் நின்றது. கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்து போயின. பூநாரைகள் எங்களைப் பார்த்து ஒவ்வொன்றாக நடந்து விலகின. தனியாகப் போகும்போது போடுவதுபோல, அவருடைய தூண்டிலில் உயிர் இறாலைக் கோத்துப் போட்டுவிட்டு நான் துடுப்பை மடியில் வைத்தேன்.

பின்னால் தொண்டை செருமியது.

என் கணவர் செருமுவது மாதிரியே. அதே அளவு, முடிவில் அதே சின்ன இழுப்பு. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே செருமல். வீட்டில் அதை எத்தனையோ தடவை கேட்டிருப்பேன். வீட்டில் முகம் பார்த்துப் பேசுகிறோம், காது அதைக் கவனிப்பதில்லை. இங்கே எனக்குக் காது மட்டும்தான் இருந்தது.

"டேய் தம்பி," என்றார் அண்ணி. குரல் சாதாரணமாக இருந்தது, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல. "நனைஞ்சது போதும்டா. ஊட்டுக்கு வா."

தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் அழுதேன், அண்ணிக்கு அது தெரிய வழியில்லை. அவருக்கு என் முதுகுதான் தெரியும்.

அப்போதுதான் தூண்டில் கோல் வளைந்தது. கொடுவா மீன். தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து ஒரு துள்ளு துள்ளி, தலையை உதறிவிட்டு உள்ளே போனது. நான் தனியாக இருந்தபோதெல்லாம் சின்ன மடவையும் கெளுத்தியும்தான் மாட்டியிருக்கின்றன. இது படகையே திருப்பி இழுத்தது. எதிரே வலை கட்ட நட்ட பழைய மர முளைகள் சிப்பி ஒட்டிக் கத்திபோல நின்றன. அதற்குள் போனால் நூல் அறுந்துவிடும். நான் பதறிப்போய் ரீலை இறுக்கினேன்.

பின்னால் செருமல். "நூல வுடு. கொஞ்சம் வுட்டுப் புடி. முளைக்கு இந்தாண்ட திருப்பு."

விட்டேன். மீன் ஓடி, முளைகளைத் தொடும் முன் சலித்துப்போய்த் திரும்பியது. திருப்பினேன். கை எரிய எரிய இழுத்து, கடைசியில் கைவலையால் அள்ளிக் காலடியில் போட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது. அது என் கை நீளம் இருந்தது. பக்கத்தில் நண்டு வலை எடுத்துக்கொண்டிருந்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கரையில் இறங்கியதும் கேட்டேன். "அண்ணி, நூல வுடச் சொன்னது நீங்கதான?"

அவர் புடவை முனையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"வாய் என்னுதுதாம்மா. ஆனா மீன் புடிக்கிறதப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"



அந்த மீனை வீட்டில் குழம்பு வைத்து என் கணவரின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். அண்ணி ஒரு பிடி சோற்றை மாடிச் சுவர்மேல் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுத் தென்னையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் வரவே இல்லை. சென்னையிலிருந்து மகள் போனில், "சாப்ட்டீங்களாம்மா?" என்றாள். காக்கைக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வெயில் இறங்கும்வரை காத்திருந்துவிட்டு அண்ணி எழுந்தார்.

"அவன் எப்பயும் லேட்டுதான். வா, நம்ம துன்னலாம்."

இருவரும் சாப்பிட்டோம். நடுமுள்ளைச் சுற்றியிருந்த சதையை எடுத்து என் இலையில் வைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எனக்கு அப்படி எதையும் பரிமாறியதில்லை. சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். இப்போது வாரம் ஒருமுறை போன் பண்ணுகிறார். மல்லாட்டைக்கடலை விலை, என் மகளுக்கு மாப்பிள்ளை, முழங்கால் வலி எல்லாம் பேசுவோம்.

நான் இன்னமும் போகிறேன். போன ஞாயிறு போனபோது முகத்துவாரத்தில் மணல் மூடியிருந்தது. கடல் உள்ளே வர வழியில்லை. ஏற்றமும் கிடையாது, வற்றமும் கிடையாது, பின்னால் சொட்டும் சத்தமும் கிடையாது. இவ்வளவு காலத்தில் அந்தத் தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை. பூநாரைகளின் கால்களும் நீருக்குள் தெரிந்த அவற்றின் பிம்பமும் ஒரே நீளமாக இருந்தன.

நண்டு வலைக்காரர் கரையிலிருந்து, "ரெண்டு நாள்ல தோண்டி வுட்டுடுவாங்கம்மா, அப்பறம் ஓட்டம் வந்துடும்," என்றார்.

சரி என்றேன். துடுப்பை எடுத்துப் படகின்மேல் குறுக்காக வைத்துவிட்டு, நகராத தண்ணீரின் நடுவில், ஜோல்னாப் பையிலிருந்த பிளாஸ்க் டீயைப் பொறுமையாகக் குடித்து முடித்தேன்.