மாப்பிள்ளை கேட்ட சாவி

பல்லடத்தில் குஞ்சு பொரிக்கும் பண்ணை, கோபியில் தீவன ஆலை, பீளமேட்டில் அலுவலகம் என்று மூன்று இடங்களில் தொழில் நடத்தும் ஒரு குடும்பத்துக்கு கம்ப்யூட்டர் சர்வர் வேலை பார்த்துக் கொடுத்தேன். முதல் நாளே முகம் சுளிக்க வேண்டியிருந்தது. மூன்று சர்வருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் அவர்கள் குலதெய்வத்தின் பெயர். கோயிலுக்குப் பொங்கல் வைக்க வந்த சனம் அத்தனைக்கும் தெரிந்த பெயர்.

அதைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்ஹெச் சாவி முறைக்கு மாற்றினேன். ஒருவருடைய கணினியில் ஒரு ரகசியச் சாவி இருக்கும். அதற்குப் பொருந்தும் பூட்டை சர்வர்களில் மாட்டிவிட்டால் பாஸ்வேர்டு இல்லாமலே அவரை உள்ளே விடும். யார் சாவியில் கதவு திறந்தது என்பதும் பதிவாகும். அந்தச் சாவி மட்டும் சொந்தக்காரரின் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது.

பீளமேட்டில் சர்வர்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்குத்தான் சாவி போட்டுக் கொடுத்தேன். அவர் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. “ஆரு கேட்டாலும் குடுக்காதீங்க” என்றேன். “சரிங்க” என்றார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், பல்லடம் சர்வரில் எந்த மெஷினில் என்றைக்கு முட்டை வைத்தார்கள் என்ற விவரம் மொத்தமும் காணாமல் போயிருந்தது. பேக்கப்பிலிருந்து மதியத்துக்குள் எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன். ஒரு குஞ்சுக்கும் சேதமில்லை. ஆனால் அழித்தது யார் என்று பார்த்தால், பதிவில் நின்றது அந்தப் பெண்மணியின் சாவி.

“நான் இல்லைங்க” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “மாப்பிள்ளை கேட்டாருங்க. பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துப்போட்டேனுங்க.”

“குடுக்காதீங்கன்னு சொன்னேனுங்களே.”

“முதலாளி ஊட்டு மாப்பிள்ளைங்க. இல்லைன்னு எப்படிங்க சொல்றது?”

திட்ட வாய் வரவில்லை. அந்த மாப்பிள்ளை அலுவலகத்துக்குள் நுழைந்தால் முதலாளியே நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். கம்ப்யூட்டர் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அவர் தப்பான இடத்தில் கைவைத்தால்கூட, சுற்றி நிற்பவர்கள் “ஆமாங்க, ஆமாங்க” என்பார்கள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, காப்பி வரவழைத்தார்.

“அந்த அம்மணிய நேத்தே நின்னுக்கச் சொல்லிட்டோமுங்க. அவங்க சாவிய எல்லாத்துலயும் எடுத்துப்போடுங்க.”

“சாவி அவங்களுதுதானுங்க. அத வெச்சு அழிச்சது உங்க மாப்பிள்ளையா இருக்கும்ங்க. அவரைக் கேட்டுப் பாருங்க.”

“அவரெ எப்படிங்க கேக்கறது?” என்றார், நான் ஏதோ கூடாத வார்த்தை பேசிவிட்டதைப் போல.

கைமாறிய சாவியை யாருடையதாக இருந்தாலும் நீக்கித்தான் ஆகவேண்டும். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து மூன்று சர்வரிலும் அந்தப் பூட்டைக் கழற்றினேன்; இனி அந்தச் சாவிக்கு எந்தக் கதவும் திறக்காது. அதற்காகவே காத்திருந்ததுபோல முதலாளியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏனுங்க மாமா, பல்லடம் சர்வருக்குள்ள போக முடியலைங்க. அன்னைக்கு எடம் அடைக்குதுன்னு கொஞ்சம் காலி பண்ணுனேனுங்க. மிச்சத்தையும் அழிச்சுப்போடலாம்னு பார்த்தா, உள்ள உட மாட்டேங்குதுங்க.”

நான் முதலாளியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அந்தப் பெண்மணிக்கு இப்போதே போன் போட்டு, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்வார் என்று நிஜமாகவே நம்பினேன்.

“சார் இங்கதானுங்க மாப்பிள்ளை இருக்காரு. பாக்கச் சொல்றேனுங்க” என்று போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளைக்கு அவரு பேருலயே புதுசா ஒரு சாவி போட்டுக் குடுத்துருங்க.”

“அப்ப அந்த அம்மணிங்க?”

“அவங்களத்தான் அனுப்பியாச்சுங்களே.”

குரலில் கோபமில்லை, கூச்சமும் இல்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“காப்பி ஆறுதுங்க. எடுத்துக்குங்க.”