கெட்ட மருந்துக்காக அடைத்த கிழக்கு ஜன்னல்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாறசாலையில் கடைகள் கட்டினேன், செங்கலில் வீடுகள் கட்டினேன். பாறை என்று எல்லோரும் கைவிட்ட நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். உதியன்குளங்கரையில் மூன்று மாடி எழுப்பி, மேல்மாடியை மகளின் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தேன். கொத்தனார் மகளுக்கு ஆய்வுக்கூடமா என்று சிரித்தவர்கள் உண்டு.

புது மருந்துகள் மனித செல்லின் மரபணுவைக் கெடுக்குமா என்று அங்கே பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும், கெடுக்கும் என்று உலகத்துக்கே தெரிந்த ஒரு மருந்தையும் கூடவே போடவேண்டும். அது கெடுத்துக் காட்டாவிட்டால் சோதனையே செல்லாது.

அந்தக் கெட்ட மருந்து இரண்டு தடவை கெடுக்கவில்லை. மூன்றாவதும் தவறினால் வேலை தரும் கம்பெனி போய்விடும், கூடத்தைப் பூட்டவேண்டியதுதான். மகள் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வேற மருந்து எடு மக்கா," என்றேன்.

"முடியாதுப்பா. இதை வச்சாக்கும் இத்தனை வருஷக் கணக்கும். மாத்தினா முதல்லேருந்து தொடங்கணும். இதுக்கு வெளிச்சம் ஆகாது. அந்த ஜன்னல்தான்..."

எங்கே கட்டினாலும் கிழக்கே பெரிய ஜன்னல் வைப்பது என் வழக்கம். அதன் கீழேதான் மருந்தைக் கரைக்கும் மேசை; நகர்த்த வேறு இடமில்லை. திரை போட்டால் தூசியும் பூஞ்சையும் வந்து செல் செத்துவிடுமாம். கறுப்புத்தாள் ஒட்டினோம், மழை ஈரத்தில் இளகி விழுந்தது.

மறுநாளே வெளியில் சாரம் கட்டி ஏறினேன். என்னோடு வேலை பார்த்த பழைய கொத்தன் கீழே நின்று கத்தினான்:

"எலே, ஆயுசு பூரா செவுத்தில ஓட்ட போட்டவன், இப்போ அடைக்கியா?"

"வாயப் பொத்திட்டு கல்ல எடுத்துத் தா!"

கடைசிக் கல்லை வைத்தபோது அறை இருண்டது. என் நெஞ்சும் இருண்டது. ஜன்னல் காரணமில்லை என்றால்?

மூன்றாவது சோதனையின் முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. மகள் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"செல்லுல மரபணு எல்லாம் ஒடஞ்சு கெடக்குப்பா," என்றாள். பிறகுதான் சிரித்தாள். ஒரு கேடு நடந்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

அறிக்கை போனது. அதில் மருந்தின் பெயர் உண்டு, அதை விற்றவன் பெயர் உண்டு, கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் உண்டு. நான் இல்லை.

"கொத்தனாருக்கு அதில இடம் கெடையாதுப்பா," என்கிறாள்.

இடம் உண்டாக்கட்டும். இருட்டு இல்லாமல் அந்த மருந்து வேலை செய்யவில்லை. அந்த இருட்டைக் கட்டியவன் நான். அடுத்த அறிக்கையில் என் பெயரை எழுதவேண்டும்.