குளியலறைத் தடுப்பில் இருந்த படம்

ஜெயக்கொடி என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில். என் ஒன்றுவிட்ட தம்பி முத்திருளன் கோர்ட்டிலிருந்து வாடிப்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கூட்டத்துக்குள் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, வாய்க்கா கேசு செயிச்சுட்டோம்! ஒச்சாயிக்குப் பொம்பளப் புள்ளையும் பொறந்துருச்சு. ஜெயக்கொடின்னு வைக்கப் போறேன்" என்று கத்தினான். கேசு ஜெயித்த நாளில் பிறந்தவள் அவள்.

அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. புருஷனும் சீக்கிரம் போய்விட்டான். மகள் மீனாவோடு வில்லாபுரத்தில் வாடகைக்குக் குடியிருந்து, விமான நிலையத்தில் ஒரு காண்டிராக்ட் கம்பெனிக்கு எட்டு வருஷம் வேலை பார்த்தாள். விமானம் வந்து ஆட்கள் இறங்கியதும் உள்ளே ஏறி, அடுத்த ஆட்கள் ஏறுவதற்குள் சீட்டு, கக்கூஸ் எல்லாம் சுத்தம் செய்ய வேண்டும். வெளியே வரும்போது உடம்பெல்லாம் தடவிச் சோதிப்பார்கள். கழுத்தில் பாஸ் தொங்கினால்தான் கேட்டுக்குள் விடுவார்கள். அந்தப் பாஸ்தான் அவளுக்குச் சோறு.

மீனாவுக்குக் காது குத்தியபோது மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் வேண்டுமே. ஜெயக்கொடியின் சித்தி மகன் அழகுபாண்டி வந்து உட்கார்ந்தான். சீரும் குறையில்லாமல் செய்தான். அவனுடைய கூட்டாளிகள் மண்டப வாசலில் ஒரு பிளக்ஸ் கட்டினார்கள். நடுவில் மீனா, ஒரு பக்கம் தாய்மாமன், மறுபக்கம் யூனிபாரமும் பாஸுமாக ஜெயக்கொடி, பின்னால் ஒரு விமானம். கீழே கூட்டாளிகளின் தலைகள் வரிசையாக. விசேஷம் முடிந்ததும் அதைக் கொண்டுவந்து குளியலறைக்குத் தடுப்பாகக் கட்டிவிட்டாள். கனமான பிளக்ஸை யார் வீணாக்குவார்கள்? எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான்.

அடுத்த ஆடியில் அழகுபாண்டி வந்தான்.

"அக்கா, பிளேன் கக்கூஸ் குப்பைத் தொட்டிக்குள்ள ஒரு கறுப்புப் பொட்டலம் கிடக்கும். உன் குப்பைப் பையில போட்டு வெளிய கொண்டாந்துரு. அம்புட்டுதான்."

"அம்புட்டுதானா? என் சோத்துல மண்ணப் போட இன்னும் என்னடா வேணும் உனக்கு?"

"மாமன்னு மடியில உக்கார வச்சேன்ல."

"உக்கார வச்சதுக்குக் கூலி கேட்டு வந்தியாக்கும். போயிரு."

போய்விட்டான். ஜெயக்கொடி அன்றைக்கே என்னிடம் வந்து சொன்னாள். "வெளிய மூச்சு விடாத தாயி. என்ன இருந்தாலும் தாய்மாமன்" என்று நான்தான் சொன்னேன்.

போன பங்குனியில் விமான நிலையத்தில் கடத்தல் தங்கத்தோடு நாலு பேர் பிடிபட்டார்கள். அதில் அழகுபாண்டியும் ஒருவன். அவன் கூட்டாளிகளில் இரண்டு பேர் கேஸ் இருப்பதை மறைத்து, வேறு விலாசம் கொடுத்து, விமானத்தில் சாமான் ஏற்றும் வேலைக்குள் நுழைந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரையும் மறுபடி விசாரித்துத்தான் பாஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏட்டு இம்மானுவேல் விசாரிக்க வந்த அன்றைக்கு நானும் ஜெயக்கொடி வீட்டில்தான் இருந்தேன். நல்ல மனுஷன். விலாசம் சரி, கேஸ் ஒன்றும் கிடையாது என்று எழுதி முடித்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார். குளியலறைப் பக்கம் போனவர் பிளக்ஸில் அழகுபாண்டி முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இவன் யாரும்மா?"

"தம்பி சார்."

"கூடப் பொறந்தவனா?"

"சித்தி மகன்."

"அப்ப தூரத்துச் சொந்தம், போக்குவரத்து கிடையாதுன்னு எழுதிக்கிறேன். சரியா?"

அவள் தலையாட்டியிருந்தால் போதும்.

"மக காதுகுத்துக்கு மடி கொடுத்தவன் எப்படி சார் தூரத்துச் சொந்தம்? அவன் செஞ்சது தப்பு. எங்கிட்டயும்தான் பொட்டலத்தக் கொண்டாரச் சொன்னான். நான் தொட மாட்டேன்னுட்டேன். அதையும் எழுதிக்கங்க."

ஏட்டின் பேனா நின்றது. "எப்பச் சொன்னான்?"

"ஆடியில."

"அன்னைக்கே யாருகிட்டயாவது சொன்னியா?"

"அத்தைகிட்ட சொன்னேன்."

"உங்க அத்தை என்ன கஸ்டம்ஸ் ஆபீசரா?" என்று என் பக்கம் திரும்பினார். பிறகு ஜெயக்கொடியிடம், "இது உனக்கு நல்லதுன்னு நெனச்சுச் சொல்லிட்ட தாயி. காதுல வாங்கிட்டு நான் எழுதாம இருக்க முடியாது" என்றார். போகும்போது அந்தப் பிளக்ஸை செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் கம்பெனியில் கூப்பிட்டுப் பாஸைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். திருடினாள் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தாள் என்றார்கள். மனு எழுதிக்கொண்டு மூன்று ஆபீஸ் ஏறினோம். ஒவ்வொரு இடத்திலும், "ஏன் அப்பவே சொல்லல?" என்றுதான் கேட்டார்கள். ஓரிடத்தில், நான்தான் சொல்லவேண்டாம் என்றேன் என்று நானே சொன்னேன். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அழகுபாண்டி ஜாமீனில் வந்துவிட்டான். மீனாவின் சடங்குக்கும் தானே சீர் கொண்டு வருவதாக ஆள் விட்டிருக்கிறான்.

இப்போது ஜெயக்கொடி வில்லாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலை எடுத்துத் தரை துடைக்கிறாள். பாஸ் வரவில்லை.