செவலை படுத்திருந்த வீடு

தெருவில் ஒரு நாயைப் பார்த்தால், பக்கத்தில் நிற்பவரிடம் "அங்க ஒரு நாய் நிக்குதில்ல?" என்று கேட்டு உறுதிசெய்துகொள்வது என் வழக்கம். "ஆமா சார், கடிக்காது" என்று பதில் வந்தால் போதும், மூச்சு சீராகிவிடும். கடிக்கிற நாயாக இருந்தாலும் கவலையில்லை. அவருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு இதெல்லாம் தேவையா என்கிறாள் மனைவி. அவள் எங்கள் வீட்டில் வளர்ந்தவள் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது. அப்பாவின் கண்ணுக்கு மட்டும்.

அப்பா ஆபீசுக்குப் போய் ஃபைல் பார்த்துவிட்டு, சாயங்காலம் பூவும் பக்கோடாவும் வாங்கிக்கொண்டு ஒழுங்காக வீடு திரும்புகிற மனிதர். எல்லா அப்பாக்களையும் போலத்தான். ஒரு நாய் மட்டும் ஜாஸ்தி. நான் பிறப்பதற்கு முன்னால், ஏதோ ஒரு மழைக்காலத்தில் அது உள்ளே வந்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே குறுக்காகப் படுத்ததாம். அம்மா அழுது பார்த்தாளாம். அடி அண்ணாமலையில் யாரிடமோ மந்திரித்துக் கயிறு கட்டினாளாம். கடைசியில் அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாளாம். டாக்டர் கொடுத்த மாத்திரையில் நாய் போகவில்லை. குரைப்பதை மட்டும் நிறுத்தியது. சரி, அதுவே போதும் என்று அம்மா விட்டுவிட்டாள். எத்தனை காலம்தான் அழுவது? வீடு பெருக்க வேண்டாமா?

"கொஞ்சம் நவுரச் சொல்லுங்க" என்பாள், துடைப்பத்தோடு வந்து நின்று. அப்பா நாக்கைச் சொடுக்குவார். அம்மா பெருக்குவாள். அது மறுபடி வந்து படுத்துக்கொள்ளும்.

அந்த இடத்தை நாங்கள் எல்லோரும் காலைத் தூக்கித் தாண்டித்தான் போவோம். மிதித்தால் அப்பாவின் முகம் சுருங்கிவிடும். நடக்கப் பழகியபோதே நான் தாண்டவும் பழகியிருந்தேன். எந்த வீட்டிலும் கூடத்தில் ஓரிடத்தில் காலைத் தூக்கியாக வேண்டும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

நான் நாலாவது படிக்கும்போது, போளூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எங்கள் ஊரில் இதற்கொரு சௌகரியம் உண்டு. கிரிவலம் வந்தோம், அப்படியே எட்டிப் பார்த்தோம் என்று வருவார்கள். பிடித்தால் பெண் பார்த்த கணக்கு; பிடிக்காவிட்டால் சாமி பார்த்த கணக்கு. ஏற்கெனவே ஒரு இடம் நாயைப் பற்றி அரசல்புரசலாகக் கேள்விப்பட்டு நழுவியிருந்தது. இந்த மாப்பிள்ளையின் போட்டோவையோ அக்கா தலையணைக்கடியில் வைத்திருந்தாள்.

அதனால் அம்மா ஒத்திகை நடத்தினாள். நாயை மிதித்து நடக்கிற ஒத்திகை.

"இன்னொரு தபா போடா. காலத் தூக்காத. தூக்கினா ஒடச்சிடுவேன்."

அக்கா சீக்கிரம் தேறிவிட்டாள். என் கால் மட்டும் அந்த இடம் வந்ததும் தானாக எழும்பியது. அப்பா நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் மிதிக்கும்போதெல்லாம் பேப்பர் லேசாக ஆடியது.

"சாதுதான் அது. ஒரு நாளிக்கிப் பொறுத்துக்கும்" என்றார்.

"பொறுத்துக்கட்டும். நான் பொறுத்துக்கல?" என்றாள் அம்மா.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். மலை சுற்றிய புழுதியைக் கழுவப் பின்கட்டுக் குழாய்க்குப் போனபோது, போகையிலும் வருகையிலும் மூவருமே நாயின்மேல்தான் நடந்தார்கள். அப்பா கும்பிட்ட கையை இறக்காமல் சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு உட்கார்ந்து மழையைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் அழகாகப் பேசினார்.

தண்ணீர்ச் சொம்பு என் பொறுப்பு. சமையலறையிலிருந்து அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். அந்த இடம் வந்ததும் மூளை நின்றுவிட்டது. தூக்கணுமா, கூடாதா? அதற்குள் ஒரு கால் மேலே போய்விட்டது. இறக்கினால் மிதிப்பேன், முன்னால் வைத்தால் தாண்டுவேன். இரண்டும் வேண்டாமென்று சொம்பும் கையுமாகக் கொக்கு மாதிரி நின்றேன். அதைவிட நல்ல யோசனை எதுவும் தோன்றவில்லை. இன்றைக்கும் ஆபத்து என்று வந்தால் என் முதல் யோசனை அதுதான்.

"இன்னாடா தம்பி, கால்ல முள்ளா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இல்லீங்க, நாய். கீழ படுத்துனு இருக்குது. எங்கப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்."

அம்மா ஓடிவந்து என் தலையில் தட்டிச் சிரித்தாள். "இவன் எப்பவும் இப்படித்தாங்க. வெளையாட்டுப் புத்தி." அவர்களும் சிரித்தார்கள். அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

கேசரித் தட்டோடு அக்கா வந்தாள். அந்த இடத்தில் நின்று அப்பாவைப் பார்த்தாள். கீழே பார்த்துவிடக் கூடாதென்று அவர் தொடையை இறுக்கிப் பிடித்திருந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. அக்கா பட்டுப்புடவையை ஒரு கையால் கொஞ்சம் தூக்கி, நிதானமாகத் தாண்டி வந்து, தட்டை நீட்டினாள். அப்பா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

வந்தவர்கள் மூவரும் அந்த வெறுந்தரையை ஒருமுறை பார்த்தார்கள். கேசரியைச் சாப்பிட்டார்கள். கை கழுவ எழுந்தபோது மாப்பிள்ளையின் அப்பா சுவரோரமாக ஒட்டி நடந்தார். அவர் மனைவி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதே சுவரோரமாகப் போனார். கடைசியாகப் போன மாப்பிள்ளையின் சட்டைத் தோளில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டது. திரும்பும்போதும் அப்படியேதான் வந்தார்கள்.

"ஊருக்குப் போயி சொல்லியனுப்பறோங்க" என்று கிளம்பினார்கள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வந்துபோகிற சொந்தக்காரர்களே மிதித்துக்கொண்டு போகிற வீட்டில், முதல்முறையாக வெளியாட்கள் எங்கள் நாய்க்கு வழிவிட்டிருக்கிறார்கள்! அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தலைப்பூவை எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன்:

"ரொம்ப நல்லவங்கக்கா. மூணு பேருமே மிதிக்கல, பாத்தியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சமையலறையில் அம்மாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிகிற அளவுக்கு இருவரும் சிரித்தார்கள். அப்பா தரையில் குந்தி, அந்த வெறும் இடத்தை மெதுவாகத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு எனக்கு என்ன கலரில் சட்டை எடுப்பார்கள் என்று யோசித்தபடியே, நானும் சேர்ந்து சிரித்தேன்.