காய்ந்த அரளி

எங்கள் வீட்டு மண்ணில் மல்லிகை வராது. ஆலத்தியூர்ப் பக்கம் கடப்பாரை போட்டால் உடனே சுண்ணாம்புக்கல் தட்டும். நான் வைத்த மல்லிகையெல்லாம் இலை மஞ்சளாகிக் கருகியது. குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், என் கணவரின் அண்ணன் வீட்டில், அதே பாறையின் மேல் செவ்வரளி ஆண்டு முழுக்கப் பச்சையாக நின்று பூத்தது. என் ஓரகத்தி அதற்குத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. எனக்கு எரிச்சல் அதில்தான்.

செவ்வாய்க்கிழமைதோறும் மாமியார் துர்க்கைக்கு அரளி மாலை கொண்டுபோவார். இருப்பது எங்கள் வீட்டில். குடிப்பது நான் போடும் காபி. பூவுக்கு மட்டும் சுவரைச் சுற்றிக்கொண்டு அங்கே போவார். கூடையோடு அந்த வீட்டுப் புகழும் திரும்பி வரும்.

“அவ கை ராசி. பாறையில வெச்சாலும் பூக்குது.”

திருச்சியில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தவள் நான். இப்போதும் வீட்டிலிருந்தே செய்தி திருத்துகிறேன். ஒரு வாக்கியத்தில் எது மிகை என்று எனக்குத் தெரியும். இதில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. செடி பூக்கத்தான் செய்தது. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு செவ்வாய்க்கிழமையாவது அவர் என் வீட்டில் பூப் பறிக்க வேண்டும்.

போன வருடம் மழைக்கு முன்னால் அக்கா அரளியைக் கவாத்து செய்தார். ஓரகத்தியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். வெட்டிய கிளைகளை ஆட்டுக் கொட்டகையை ஒட்டிக் குவித்துவைத்தார். உள்ளே சினையாடு கட்டியிருந்தது.

அரளியை ஆடு தொடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வேலிக்கு அதை வைப்பதே அதனால்தான். ஆனால் காய்ந்தால் கசப்புதான் குறையும், விஷம் குறையாது, ஆடு தின்றுவிடும். சாலைத் தடுப்பில் வளர்த்து வெட்டிப்போட்ட அரளியைத் தின்று ஆடுகள் செத்த செய்தி ஒன்று என் மேஜைக்கு வந்திருக்கிறது. நிருபர் ‘அரளி இலை’ என்று மட்டும் எழுதியிருந்தார். பச்சையை ஆடு தின்றிருக்காதே என்று சந்தேகப்பட்டு, கால்நடை மருத்துவரிடம் கேட்டு, ‘காய்ந்த’ என்ற சொல்லைச் சேர்த்தது நான்.

சுவரோரம் நின்று சொன்னேன். “அக்கா, அந்தத் தழைய அங்க போடாதீங்க. காஞ்சா ஆடு தின்னுடும். செத்துப்போயிடும்.”

“பச்சையிலயே மோந்து பாக்காது. சருகையா திங்கப்போவுது?” என்று அக்கா சிரித்தார்.

அங்கே உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்த மாமியார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “உன் மல்லி வேர் புடிக்கலன்னா அவ அரளி மேல ஏண்டி கண்ணு வெக்கிற? இப்ப ஆட்டு மேலயும் வெச்சிட்டியா?”

நான் சொன்னது சரி. அவர் சொன்னதும் சரி.

இலைகள் சுருண்டு காயத் தொடங்கின. ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு குவியலை நோக்கிக் கழுத்தை நீட்டுவது என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. மத்தியானம் அந்த வீட்டில் எல்லோரும் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து, சாக்கோடு போனேன். மேலே சருகு, அடியில் இன்னும் பச்சைக் குச்சிகள். கடைசிக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினால், பின்வாசலில் அக்கா.

என்னையும் குச்சிகளையும் பார்த்தார். முகம் மலர்ந்தது. கேட்டு வாங்கிய செடி சரியாக வராது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று இந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு.

“அடியே, இதுக்குத்தான் ஆடு செத்துப்போயிடும்னு கதை வுட்டியா? ஒரு குச்சி போதாதா? வேலியவே கெளப்பிக்கிட்டுப் போற!”

ஆடு என்று மறுபடி ஆரம்பித்தால் சாக்கைக் கொட்டிவிட்டுப் போகச் சொல்வார்.

“ஆமாங்க்கா” என்றேன்.

“போ, போ. நான் பாக்கல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்த்துவிட்டால் அது திருட்டு ஆகாது, என் செடி பிழைக்காது என்ற கரிசனம். அந்தக் கரிசனம் பச்சை அரளியைவிடக் கசந்தது.

கொளுத்தினால் புகையும் விஷம். மல்லிகை செத்த குழியில் எல்லாவற்றையும் போட்டு மண்ணைத் தள்ளினேன். ஆடு இரண்டு குட்டி போட்டது. மாமியார் சீம்பாலைக் கொண்டுவந்து வைத்து, “எல்லாம் அவ ராசி” என்றார். மழை விட்ட பிறகு அந்தக் குழியில் அரளி துளிர்த்தது. நான் பிடுங்கவில்லை.

இந்த வருடம் பூத்தது. அங்கே இருப்பதைவிடக் கொத்து பெரிது என்று தினமும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாமியார் கூடையோடு என் கொல்லைக்கு வந்தார். அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலருகே நின்றேன். கைக்கு எட்டிய கிளைகளையெல்லாம் வளைத்துப் பறித்தார். கூடை நிறைந்தது.

“பாத்தியாடி,” என்றார். “அவ வூட்டுக் குச்சி. எங்க கொண்டாந்து வெச்சாலும் பூக்குது.”