தோஸ்து கையில் மிஷின், என் கையில் கொக்கி

மிஷின் கத்துகிற இடத்தில் தகரம் கிடக்கும், தகரத்துக்கு அடியில் பாம்பு படுத்திருக்கும். இதை என் தோஸ்திடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஏறாது. அவன் காதில்தான் ஹெட்போன் ஆச்சே.

வள்ளூர் பக்கம் இடித்துப் போட்ட குடோன் மனை ஒன்று உண்டு. ஞாயிறு காலையில் பழைய இரும்பு, பித்தளை தேடி இரண்டு பேரும் அங்கே போவோம். மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் கத்துகிற அந்த மிஷின் அவன் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. என்னிடம் இருந்தது கயிற்றில் கட்டிய பழைய ஸ்பீக்கர் காந்தம். அதில் பித்தளை ஒட்டாது. ஆணிதான் ஒட்டும்.

இரண்டு பேரும் ஏழாவதோடு படிப்பை விட்டவர்கள்தான். அவனுக்கு மட்டும் அப்படி ஒரு மச்சான். என் வூட்டுக்காரி வேறு, "அவரு வால்வு வால்வா எடுத்துகினு வராரு, நீ இன்னாத்த எடுத்த?" என்பாள்.

என்னிடம் நிறைய இருந்தது பயம்தான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முனையில் கொக்கி வைத்த நீளக் கம்பு. தட்டித் தட்டித்தான் நடப்பேன். தகரம் கண்டால் எட்டி நின்று, அந்தப் பக்க விளிம்பில் கொக்கி போட்டு என் பக்கமாகத் தூக்குவேன். தகரம் நடுவில் கதவு மாதிரி நிற்கும், பாம்பு அந்தாண்டை ஓடிவிடும். அவனோ செருப்புக் காலோடு குனிந்து, கிட்டத்து விளிம்பைக் கையாலேயே தூக்குவான்.

ஒரு ஞாயிறு, மனைக்குப் போகிற வழியில் டீக்கடையில் எல்லார் எதிரிலும் சொன்னான்: "இவன் என்கூட வர்றதே பாம்பு வெரட்டத்தான் மாமு." சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மனைக்குப் போனதும் மிஷின் கத்தியது. தகரம். அவன் குனிந்தான். நான் நின்ற பக்கம் தகரத்தின் இடுக்கில் தெரிந்தது, வட்ட வட்டப் புள்ளியோடு கண்ணாடி விரியன். அவன் கைக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்கும்.

என் வாய் திறக்கவில்லை. பயத்தால் இல்லை. போகட்டுமே என்று இருந்தது. ஒரு மூச்சு நேரம். அப்புறம்தான் காலரைப் பிடித்து இழுத்தேன். ஹெட்போன் தெறித்து விழுந்தது.

"இன்னாடா, நா எடுத்தா உனுக்கு வயிறு எரியுதா?"

கொக்கியைப் போட்டுத் தகரத்தைத் தூக்கினேன். விரியன் குக்கர் மாதிரி சீறியது. அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் அதே டீக்கடையில், "இவன் இல்லாங்காட்டி நா காலி நைனா" என்று எல்லாரிடமும் சொன்னான். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிறு மிஷினை அவனே என் தோளில் மாட்டிவிட்டான். ஹெட்போனைப் போட்டதும் வெளிச்சத்தம் எல்லாம் அடைத்துப்போயிற்று. பயந்து ஒரு காதைத் திறந்தே வைத்துக்கொண்டேன். பின்னால் என் கம்பைத் தட்டிக்கொண்டு அவன் வந்தான்.

"பாத்து வை... கல்லு கீது... டேய், புதர்ல கை வைக்காத!"

புல் அசைந்தால் போதும், உடனே கத்தினான். ஒரு மூச்சுகூடக் காத்திருக்கவில்லை. மிஷின் என் கையில்தான் இருந்தது. அப்போதும் எனக்கு அவனைப் பார்த்து வயிறு எரிந்தது.