நான் போனதும் சுகமாகும் சேர்வர்

வெப்சைட் திருத்துவது பல் பிடுங்குவது மாதிரி. வலிக்கும் வரை யாரும் வரமாட்டார்கள். வந்தபின் வாயைத் திறக்கமாட்டார்கள்.

லினக்ஸ் சேர்வரில் ஓடும் பி.எச்.பி. நிரல்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் பிழைப்பு. இதே பிழைப்பில் கிடந்து உழல்பவர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பலாம்.

வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு சாறிக் கடை. முதலாளி பரமசிவம். மகள் துஷ்யந்தி காப்புறுதிக் கொம்பனி வேலையை விட்டுவிட்டு, கடைக்கு ஒரு வெப்சைட் தொடங்கியிருந்தாள். தகப்பன் தீபாவளி வரைக்கும் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் சைட் ஒழுங்காக ஓடாவிட்டால் மூடிவிட்டு, அவள் கல்லாவில் உட்கார வேண்டும். அந்தப் பிள்ளை கல்லாவைப் பார்க்கும் பார்வையை நான் கண்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கேஸை எடுத்தேன்.

காய்ச்சல்

நோய் இதுதான். சைட் திறக்கும். படம் வரும், விலை வரும். ஓடர் பொத்தானை அமத்தினால் வெள்ளைத் திரை. ஓர் எழுத்து இல்லை. ஒன்றரை மணித்தியாலம் அப்படியே கிடக்கும். பிறகு தானாக எழும்பும். தினமும் வரும். ஆனால் ஒரு நாள் வந்த நேரத்துக்கு மறுநாள் வராது.

வீட்டிலிருந்தே பார்க்கலாம்தான். ஆள் வராத வைத்தியத்தைப் பரமசிவம் நம்பமாட்டார். துஷ்யந்தி எனக்குப் போன் அடிப்பாள். நான் சேர்ட்டை மாட்டிக்கொண்டு காலி வீதியைக் கடப்பேன். அதற்கே பாதி ஆயுள் போய்விடும். கடைக்குள் காலை வைத்தால் சைட் சிரித்துக்கொண்டு நிற்கும்.

மூன்றாம் தரம் போனபோது பரமசிவம் பிளேன்ரீக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அண்ணை, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், சும்மா வந்து இருந்தாலே காணும். டொக்டரைக் கண்டவுடன பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட மாதிரிக் கிடக்கு."

ஒரு பிரச்சினையும் இல்லை

பிழை வந்தால் சேர்வர் லொக்கில் எழுதும். அதுதான் அதன் நாட்குறிப்பு. பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. நினைவகம் நிரம்பவில்லை. டிஸ்க்கில் தாராளமாக இடம். நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலைகள் எதுவும் இல்லை. கடைசியில் நாமெல்லோரும் செய்வதைச் செய்தேன்: ரீஸ்டார்ட். கொஞ்ச நேரத்தில் சைட் எழும்பியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் மறுபடி படுத்தது. உங்களுக்கும் நடந்திருக்கும். இல்லை என்பவரோடு எனக்குக் கதை இல்லை.

நிரலை எழுதியவன் மெல்பேர்னுக்குப் போய்விட்டான். போன் அடித்தால் எடுக்கிறானில்லை. சேர்வர் இருப்பது ஜேர்மனியில். அதை வாடகைக்குத் தந்த கொம்பனிக்கு இரத்மலானையில் ஓர் அலுவலகம். அங்கே போன் அடித்தேன். ஒரு சிங்களப் பெடியன். தட்டிப் பார்த்துவிட்டு, "பிரஷ்னயக் நே, அங்கல்," என்றான். ஒரு பிரச்சினையும் இல்லையாம். அப்படியென்றால் இந்த வெள்ளைத் திரை என்ன என்று அவனுடைய பாஷையிலேயே கத்தினேன். வெள்ளை என்றால் வடிவு, அழகுதானே என்று எனக்கே பகிடி விட்டான்: "சுது லஸ்ஸனய்னே, அங்கல்!"

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு குரல்

கொட்டாஞ்சேனையில் பிலோமினா என்று ஓர் அம்மா. மகளுக்கு மாதா கோயிலில் கல்யாணம். சொந்தக்காரப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சாறி வேண்டும். சைட்டுக்கு வந்த பெரிய ஓடர் அதுதான். வந்தது என்று சொல்லக்கூடாது, வரப் பார்த்தது. இரண்டு பின்னேரம் முயன்றிருக்கிறார். இரண்டு பின்னேரமும் வெள்ளைத் திரை.

நான் கடையில் இருக்கும்போது கூப்பிட்டார். துஷ்யந்தி போனை ஸ்பீக்கரில் போட்டாள். அது தேவையில்லாத வேலை. அந்தக் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். பரமசிவம் சாறியை மடித்தபடி, மகளைப் பாராமல், "தீபாவளிக்குக் கன நாள் இல்லை," என்றார். அவள் சத்தத்தைக் குறைத்தாள். போன் அப்படியும் பேசியது: "செபமாலை முடிச்சிட்டுத்தான் போனைத் தூக்குறேன். மாதா வழி விட்டாலும் உங்க கடை வழி விடுதில்லையே, முதலாளி!"

ஏழு வரி

லொக்கில் பிழை இல்லை என்றால், யாரோ வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள். இது எனக்கு முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். சேர்வரில் உள்ள கோப்புகளில், 'இத்தோடு நிறுத்து' என்ற கட்டளை எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினேன். ஒரு சின்னக் கோப்பு அகப்பட்டது. ஏழு வரி. ஏழு கிழமை நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு. அந்த நேரத்தில் யார் ஓடர் போட்டாலும் பேசாமல் கதவைப் பூட்டு.

செவ்வாய், மூன்று தொடக்கம் நாலரை. எங்கேயோ பார்த்த நேரம். தலையை நிமிர்த்தினேன். கல்லாவுக்கு மேலே தாள் கிழிக்கிற கலண்டர். அன்று செவ்வாய். தாளின் அடியில் அதே நேரம் அச்சடித்திருந்தது. ராகு காலம்!

பரமசிவத்தைப் பார்த்தேன். அவர் சாறியைப் பார்த்தார்.

"நான்தான் போடச் சொன்னனான். கடையில ராகு காலத்தில புது பில் வெட்டிறேல்லை. சைட் மட்டும் வெட்டலாமோ?"

"அப்பா! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"சொன்னால் சிரிப்பாய்."

"எனக்காவது சொல்லியிருக்கலாமே, ஐயா," என்றேன்.

"நீங்கள் பின்னேரத்திலயும் இரவிலயும் படுக்குது எண்டெல்லோ சொன்னியள். ராகு காலம் பகல்ல. அது வேற காய்ச்சலாக்கும் எண்டு இருந்திட்டன்."

வெள்ளைத் திரைக்கும் அவரே காரணம். ராகுவின் பேரைக் கடைத் திரையில் எழுதக்கூடாது என்றிருக்கிறார். நிரல் எழுதியவன் திரையில் ஒன்றுமே எழுதாமல் விட்டுவிட்டான்.

மிச்சம் மணிக்கூட்டின் கூத்து. சேர்வர் ஜேர்மனியில் இருந்தாலும் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். அதற்குப் பிற்பகல் மூன்று மணியாகும்போது எங்களுக்கு இரவு எட்டரை. சனம் சாப்பிட்டு முடித்து, சாய்ந்து, போனைத் தூக்குகிற நேரம். சரியாக அப்போது கதவு பூட்டு. உண்மையான ராகு காலத்தில் கதவு ஆவென்று திறந்து கிடந்திருக்கிறது. இந்தக் கடைசிச் சங்கதியைச் சொல்ல வாயெடுத்தேன். தகப்பனின் முதுகுக்குப் பின்னால் துஷ்யந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். விழுங்கிவிட்டேன். பரமசிவம் நல்லவேளையாக வேறு பக்கம் யோசித்துக்கொண்டிருந்தார்: "அப்ப ஜேர்மனிக்கு ராகு காலம் இல்லையோ?"

வெள்ளிக்கிழமை

விழுங்கியது அதிக நாள் நிற்கவில்லை. துஷ்யந்தி தகப்பனோடு பேசி ஒரு முடிவுக்கு வரும் வரை சேர்வரில் கை வைக்காமல் விட்டிருந்தேன். அடுத்த கிழமை பிலோமினா நேரில் வந்தார், சாறியின் நிறத்தைக் கண்ணால் பார்க்க. நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"ஓடர் போயிருச்சு முதலாளி! வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அடிச்சேன், ஒரே அடியில போயிருச்சு."

பரமசிவம் கலண்டரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பார்க்கத் தேவையில்லை. முகம் வெளிறிவிட்டது. துஷ்யந்தி கையில் எடுத்த சாறியை மடிக்கவுமில்லை, வைக்கவுமில்லை. நான் காற்றாடியைப் பார்த்தேன்.

"அம்மா, அது ராகு காலம்," என்றார் பரமசிவம். "கல்யாணச் சாமான். அதைக் கான்சல் பண்ணிப்போட்டு, நல்ல நேரத்தில திரும்பப் போடுவமோ?"

பிலோமினா சிரித்த சிரிப்பில் கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. "எங்களுக்கு ராகு காலம் இல்லை, முதலாளி. வெள்ளிக்கிழமை இறைச்சி மட்டும்தான் இல்லை!"

பரமசிவமும் சிரித்துவிட்டார். அந்த மனிதனுக்குப் பல் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். துஷ்யந்தி அந்த நொடியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, வாங்கிற ஆளையே கேட்பம். நேரம் பார்க்கிற ஆக்களுக்குப் பூட்டுவம். பார்க்காத ஆக்களுக்குத் திறந்து விடுவம். ஒரு டிக் போட்டாக் காணும்."

அவர் தாடையைத் தடவினார். நாங்கள் மூன்று பேரும் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றோம். "கேட்டுப்போட்டுப் பூட்டுறதுதான் மரியாதை. ஆனா ராகு எண்டு எழுதாதை பிள்ளை. நல்ல நேரம் எண்டு எழுது."

கடைசிப் பீஸ்

மணிக்கூட்டைக் கொழும்பு நேரத்துக்குத் திருப்பினேன். 'நல்ல நேரம் பார்த்து வாங்குபவரா?' என்று ஒரு கட்டம். டிக் போட்டவருக்கு மட்டும், அந்த நேரத்தில், 'கொஞ்சம் கழித்து வாருங்கள்' என்று ஒரு வரி. தீபாவளிக்கு முந்திய கிழமை ஒருகொடவத்தையிலிருந்து வந்த பார்சல் வான் கடை வாசலிலேயே குடியிருந்தது. பொலிஸ்காரர் இரண்டு தரம் விசிலடித்தார். தவணையைப் பற்றிப் பரமசிவம் மூச்சு விடவில்லை. கல்லாவுக்கு வேறோர் ஆளைப் பிடித்துவிட்டார். மகளுக்கு ஒரு மேசை வந்தது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம், நான் சோறு தின்று சரிந்த நேரம், போன். பரமசிவம். வீட்டிலிருந்து.

"அண்ணை, சைட் திரும்பப் படுத்திட்டுது!"

"என்ன காட்டுது?"

"கொஞ்சம் கழித்து வரட்டாம்."

"நல்ல நேரம் பார்க்கிறவர் எண்டு டிக் போட்டனீங்களோ?"

"பின்ன? போடாமல்?"

"இப்ப மணி என்ன?"

பின்னால் அவருடைய மனைவி, "என்னப்பா, எடுத்தாச்சோ?" என்று கேட்பது மட்டும் கேட்டது. பரமசிவம் குரலை இறக்கினார். மனைவி ஆசைப்பட்ட மயில்கழுத்து நிறச் சாறி. கடைசிப் பீஸ். கொஞ்சம் முந்திப் பார்த்தபோது இரண்டு இருந்தது, ஒன்றை ரொரன்ரோவில் எவளோ எடுத்துவிட்டாள். கடையிலிருந்து தூக்கிவர மகள் விடமாட்டாள்; சைட்டில் போட்ட சாமான் சைட்டில்தானாம்.

"அப்ப டிக்கைக் கழட்டுங்கோ," என்றேன்.

"என்ர கையால கழட்டமாட்டன், அண்ணை. நீங்கள் அங்கயிருந்து கழட்டிவிடுங்கோ. கெதியாய்!"

ஆகவே, சக நோயாளிகளே, சைட் படுத்தால் முதலில் லொக்கைப் பாருங்கள். அதற்கும் முதல் முதலாளியின் கலண்டரைப் பாருங்கள்.